கறுப்பிலிருந்து வெள்ளிக்கு மாறலாமா?

லேப்டாப் ரிப்பேர் கடைக்கு வருகிறவர்கள் முதலில் எந்த பிராண்ட் நல்லது என்று கேட்பார்கள். பிறகு வேறொன்றை வாங்குவார்கள். கடைசியில் அதையும் நம்மிடமே தூக்கிக்கொண்டு வந்து, "நீங்க அப்பவே சொல்லியிருக்கலாமே" என்பார்கள்.

கேட்டு அவதிப்பட்டவர்களும் பதில் சொல்லி அவதிப்பட்டவர்களுமான வாசகர்களே, நான் இரண்டாம் ரகம். கேளம்பாக்கத்தில் கடை. படித்து வந்த தொழில் இல்லை. கழற்றிப் பார்த்து, திரும்ப மாட்டியபோது மீந்த திருகாணிகளிடமிருந்து கற்றது. கம்பெனிப் பெயர்கள் வேண்டாம். ஒன்றைக் கறுப்பு என்றும் இன்னொன்றை வெள்ளி என்றும் வைத்துக்கொள்வோம்.

என் மேஜையில் இருந்தது கறுப்பு. என் மனைவி கஸ்தூரி தேர்ந்தெடுத்தது. அவள் போய்ச் சேர்ந்து சில வருடங்களாகிவிட்டன, அது மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. சமீபத்தில் அதுவும் மூச்சு வாங்க ஆரம்பித்தது. பெங்களூரில் இருக்கும் மகள், "வெள்ளிக்கு மாறிடுப்பா, நான் வாங்கித் தரேன்" என்றாள். ஊருக்கெல்லாம் பிராண்ட் சொன்னவனுக்குத் தன் விஷயத்தில் வாய் வரவில்லை. மாறுவதா வேண்டாமா என்று தெரியாமல், ஏற்கெனவே மாறியவர்கள், மாறப் பார்த்தவர்களின் கதைகளை நினைத்துப் பார்த்தேன். சுத்தமாக உதவவில்லை.

எலுமிச்சை

மதுராந்தகத்து அரிசி மண்டிக்காரர் ஏகாம்பரம், படூர் ஹாஸ்டல்களுக்கு மூட்டை இறக்க வரும்போதெல்லாம் கடையில் எட்டிப் பார்ப்பார். கறுப்பில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தவர் ஒருநாள் வெள்ளிக்கு மாறினார். மறுநாளே அதைத் துண்டில் சுற்றி எடுத்து வந்து, உயிரே இல்லை என்றார்.

அடிமூடியைக் கழற்றினேன். ஃபேனில் ஒரு விதை ஒட்டிக்கொண்டிருந்தது. உள்ளே முழுக்கப் புளிப்பு வாடை. விசாரித்தால், பூஜை போட்டுச் சந்தனம் குங்குமம் வைத்து, முறைப்படி அடியில் எலுமிச்சம்பழத்தையும் வைத்து, இரண்டு கையாலும் நசுக்கியிருக்கிறார். சாறு காற்றோட்டத் துளை வழியாக உள்ளே போய்விட்டது. லேப்டாப்புக்குச் சக்கரம் இல்லையே என்றேன். அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"லாரிக்கு வெச்சேன், இன்னிக்கும் ஓடிக்கினு கீது. ஒரு எலுமிச்சம்பழத்தத் தாங்காததெல்லாம் ஒரு பிராண்டா அண்ணாத்த?"

கடல் பார்த்த அறை

திருவிடந்தையில் விருந்தினர் விடுதி நடத்தும் தேவகி, கறுப்பிலிருந்து வெள்ளிக்கும், வெள்ளியிலிருந்து திரும்பக் கறுப்புக்கும் மாறியவர். இரண்டுமே உப்புக் காற்றில் துருப்பிடித்துத்தான் என்னிடம் வந்தன. உள்ளே பச்சை பூத்திருக்கும். விடுதி வரவேற்பு மேஜை கடலைப் பார்த்த ஜன்னலை ஒட்டி இருக்கிறது. ஜன்னல் சாத்தி நான் பார்த்ததில்லை.

பிராண்டை மாற்ற வேண்டாம், மேஜையை நாலடி உள்ளே தள்ளிப் போடுங்கள் என்றேன். இலவச யோசனை. இந்தத் தொழிலில் இலவச யோசனைக்குக் கிடைக்கும் மரியாதையே தனி.

"மேஜைய உள்ள போட்டா கடல் தெரியாதுண்ணே. எனுக்கு இன்னா, சோத்துக்கா அங்க வந்து உக்காந்துகினு கீறேன்? கடலப் பாத்துக்கினே தாங்குற மாதிரி ஒரு பிராண்டு சொல்லுங்க."

செத்துவிட்டதாக ஒரு வார்த்தை

படூர் அடுக்குமாடியில் வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் ஜார்ஜ், தன் கறுப்பைக் கொண்டுவந்து வைத்தார். கொஞ்சம் மெதுவாக ஓடியது, மற்றபடி நோயில்லை. அவருக்கு வெள்ளி மேல் ஆசை. "சார், மிஸஸ் வருவாங்க. இது செத்துடுச்சின்னு ஒரே ஒரு வார்த்தை சொல்லிடுங்க, போதும்" என்று கையைப் பிடித்துக்கொண்டார். நான் சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. பொதுவாகவே நான் பேசுவது குறைவு. அதை மக்கள் சம்மதம் என்று எடுத்துக்கொள்கிறார்கள்.

மாலையில் அவர் மனைவி ஸ்டெல்லா வந்தார். நான் வாய் திறப்பதற்குள் லேப்டாப்பைத் திறந்து, பட்டனை அழுத்தி, இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார். பிணம் நிதானமாகக் கண் விழித்தது. நான் ஸ்குரூ டிரைவரைத் துடைக்க ஆரம்பித்தேன்.

"ஸ்லோவா கீது, அவ்ளோதானே? அவரும்தான் கல்யாணம் ஆனதுலேர்ந்து ஸ்லோவா கீறாரு. நான் பிராண்டு மாத்தினேனா அண்ணே?"

சத்தம்

கஸ்தூரிதான் கடையில் பில் போடுவாள். கறுப்பை வாங்கப் போன அன்று, விற்பனையாளர் மெமரி, பிராசஸர் என்று மூச்சுவிடாமல் அடுக்கினார். இவள் எதையும் காதில் வாங்கவில்லை. வரிசையாக இருந்தவை ஒவ்வொன்றின் மேலும் குனிந்து, மாம்பழத்தை முகர்ந்து பார்ப்பதுபோல, காதை வைத்துக் கேட்டாள். ஃபேன் இரைகிற கறுப்பிடம் வந்ததும் நிமிர்ந்தாள். இது போதும் என்றாள். இருப்பதிலேயே அதிகச் சத்தம் போடுவது அதுதானம்மா என்றார் விற்பனையாளர், வியாபாரத்தையும் மறந்து.

கடைத்தெருவில் பலர் கறுப்பு வாங்கியது என் மேஜையைப் பார்த்துத்தான். மெக்கானிக்கே வைத்திருக்கிறான், விஷயம் இல்லாமலா என்று நினைத்தார்கள். விஷயம் இதுதான். அன்று கஸ்தூரி விற்பனையாளரிடம் சொன்னது:

"சத்தமே போடாததை எப்படி நம்பறது? இருக்கா போயிடுச்சான்னு நமக்கு எப்படித் தெரியும்?"

மேஜைக்குக் கீழே

நான் முடிவு செய்யட்டும் என்று மகள் காத்திருக்கவில்லை. வெள்ளி கூரியரில் வந்து இறங்கியது. நல்ல மெஷின், குறை சொல்ல முடியாது. மேஜையில் வைத்து ஓடவிட்டேன். கடை அமைதியாக இருந்தது. வேலை நடுவே அது ஓடுகிறதா என்று எழுந்து எழுந்து போய்ப் பார்த்தேன். மத்தியானம்வரை பொறுத்துவிட்டு, கறுப்பை எடுத்து மேஜைக்கு அடியில் ஒரு பலகை போட்டு, ஆன் செய்து வைத்தேன். ஃபேனைச் சுத்தம் செய்தால் சத்தம் குறைந்துவிடும். ஊருக்கெல்லாம் செய்கிறேன். அதற்குச் செய்யவில்லை.

மேலே வெள்ளியைப் பார்த்த, கறுப்பு வாங்கிய வாடிக்கையாளர்கள் சண்டைக்கு வந்தார்கள். மகள் வாங்கித் தந்தது என்று சொல்லிச் சமாளித்தேன். ஏகாம்பரத்திடம்தான் மாட்டிக்கொண்டேன். எலுமிச்சைச் சாற்றைக் கழுவி ஓடவிட்டதற்கு நன்றியாக ஒரு சிப்பம் பொன்னி கொண்டுவந்தவர், வழியில் கிடக்க வேண்டாமே என்று அதை மேஜைக்கு அடியில் தள்ளினார். மூட்டை காற்றுவழியை அடைத்ததும் கறுப்பு ஓவென்று இரைந்தது. ஏகாம்பரம் குனிந்து கீழே பார்த்தார். நிமிர்ந்து மேலே பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"இன்னா அண்ணாத்த, புதுசை மேல குந்த வெச்சிட்டு, மொதல் சம்சாரத்தோட கீழ தனியாக் குடித்தனமா?"

ஆகவே எந்த பிராண்டுக்கு மாறலாம் என்று இனி யாராவது கேட்டால் என் பதில் இதுதான்: மேஜைக்கு அடியில் இடம் இருந்தால் எதற்கு வேண்டுமானாலும் மாறுங்கள்.