ஒரே சட்டியில் இரண்டு குழுக்கள்

எனக்கு வாரத்தில் ஒரு நாள் கிடைத்தது. புதன்கிழமை. அன்று வார்டு கிடையாது, கிளினிக் கிடையாது, மாணவர்களுக்கு வகுப்பும் கிடையாது. அப்படி ஒரு நாள் கையில் கிடைப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று மருத்துவமனையில் வேலை பார்க்கிறவர்களுக்குத்தான் தெரியும். இளம் மருத்துவ விரிவுரையாளர்களுக்கு ஆய்வு செய்யக் கற்றுக்கொடுக்கும் இரண்டாண்டுப் பயிற்சியில் என்னைச் சேர்த்துக்கொண்டார்கள். அதோடு வந்ததுதான் இந்தப் புதன்கிழமை. முதல் ஆண்டு முடிவில் ஒரு தேர்வுக் குழுவின் முன்னால் நின்று, செய்து பார்த்த சிறு ஆய்வை விளக்க வேண்டும். அவர்களுக்குத் திருப்தி என்றால் இரண்டாம் ஆண்டு பெரிய ஆய்வு. இல்லாவிட்டால் புதன்கிழமையைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் பழையபடி வார்டுக்குப் போக வேண்டியதுதான்.

திருப்பிக் கொடுக்கும் எண்ணம் எனக்குத் துளியும் இல்லை.

வார்டில் கை கால் இழுத்துக்கொண்டு வந்து படுக்கிறவர்களில் நம்மவர் முகங்களைப் பார்த்துப் பார்த்து எனக்கு வெறுத்துப் போயிருந்தது. எல்லோருக்கும் ரத்தக் கொதிப்பு, எல்லோரிடமும் “உப்பைக் குறையுங்கள்” என்று யாரோ ஒரு டாக்டர் சொல்லியிருப்பார். அவர்களும் தலையை ஆட்டியிருப்பார்கள். வீட்டுக்குப் போனால் கருவாடு, ஊறுகாய், அப்பளம், போதாக்குறைக்கு மலாக்காக்காரர்களின் சிஞ்சாலோக், உப்பில் ஊறிய அந்தப் பொடி இறால். குறை என்று சொல்வதற்கு வாய் போதும். எப்படிக் குறைப்பது என்று அடுப்பு முன்னால் நின்று யாரும் காட்டியதில்லை. நான் காட்டுவேன், காட்டினால் ரத்தக் கொதிப்பு இறங்குகிறதா என்று அளந்தும் பார்ப்பேன். இதுதான் என் ஆய்வு. பயிற்சியில் என்னோடு இருந்தவர்கள் இதற்குச் சமையல் ஆய்வு என்று பெயர் வைத்தார்கள். வைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன்.

மலாக்காவின் புக்கிட் காத்திலில் ஒரு தாமானில், வரிசை வீட்டுக் குடியிருப்பில், ஆரம்பித்தேன். ரத்தக் கொதிப்போடு வந்தவர்களில் பாதிப் பேர் தேவாலயத்துக்குப் போகிறவர்கள், மீதிப் பேர் ரப்பர் தோட்டத்தை விட்டு வந்து தொழிற்சாலையிலும் கடைகளிலும் வேலை பார்க்கும் குடும்பங்கள். பயிற்சியில் சொல்லிக்கொடுத்தபடியே குலுக்கிப் போட்டுப் பிரித்தேன். ஒரு குழுவுக்கு உடனே சமையல் வகுப்பு. இன்னொரு குழு வழக்கமான மருந்தோடும் ஆலோசனையோடும் காத்திருக்கும், ஆய்வு முடிந்ததும் அவர்களுக்கும் அதே வகுப்பு. இரண்டையும் ஒப்பிட்டால் வகுப்புக்குப் பலன் உண்டா இல்லையா என்று தெரிந்துவிடும். எல்லோருக்கும் விளக்கிச் சொல்லித்தான் சம்மதம் வாங்கினேன். தாமானின் பாலாய் ராயாவில், அந்தப் பொது மண்டபத்தில், கேஸ் அடுப்பைக் கொண்டுபோய் வைத்து, சாம்பாரில் உப்பை எப்போது போடுவது, எவ்வளவு புளிப்புக் கூட்டினால் உப்பு குறைந்தது நாக்குக்குத் தெரியாது என்றெல்லாம் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு செய்து காட்டினேன்.

கடைசி அளவெடுப்பில் வகுப்புக்கு வந்தவர்களுக்கு ரத்தக் கொதிப்பு இறங்கியிருந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. அதற்கப்புறம் காத்திருந்த குழுவை அளந்தேன். அவர்களுக்கும் இறங்கியிருந்தது.

இயந்திரத்தில் கோளாறோ என்று மாற்றிப் பார்த்தேன். இல்லை. அப்போது காத்திருந்த குழுவில் ஒரு பெண், “டாக்டர், நீங்க சொன்ன மாதிரி உப்ப கடைசியிலதான் போடுறேன்” என்று பெருமையாகச் சொன்னார். அவருக்கு நான் எதுவும் சொன்னதே கிடையாது.

விசாரித்ததில் எல்லாக் கைகளும் ஓர் ஆண்ட்டியைக் காட்டின. தேவாலயத்தில் ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டை ஆக்குகிறவர் அவர்தான். என் வகுப்பில் முதல் வரிசையில் உட்கார்ந்து, மிளகு எத்தனை கரண்டி என்று என்னைக் குடைந்து எடுத்தவர். ஆராதனை முடிந்ததும் சமையலறையில் கூட்டம் கூட்டி எல்லோருக்கும் பாடம் நடத்தியிருக்கிறார். பக்கத்து வீட்டு இந்துக் குடும்பங்களையும் விடவில்லை. எனக்குக் கோபம் தலைக்கேறியது. நேரே அவர் வீட்டுக்குப் போனேன்.

“யாருகிட்டயும் சொல்லக்கூடாதுன்னு சொன்னேனா இல்லையா ஆண்ட்டி? தலையாட்டினீங்களே!”

“ஆட்டினேன். அப்பறம் ஞாயித்துக்கெழம வந்திருச்சில்ல? வகுப்புக்கு வந்தவங்களுக்கு ஒரு சட்டி, வராதவங்களுக்கு ஒரு சட்டின்னு ஆக்க சொல்றீங்களா?”

“உங்க வீட்டுல மட்டும் செஞ்சிருக்கலாமே!”

“எதிர்வீட்டுக்காரருக்கு போன வருசம் கை கால் இழுத்துக்கிச்சு டாக்டர். அவரு பொண்டாட்டிக்கும் பிரஷர். உங்க குலுக்கல்ல அவளுக்கு வகுப்பு விழல. தெரிஞ்சத வச்சிக்கிட்டு அவ மொகத்துல எப்படி லா முழிக்கிறது?”

கொடுத்த தேநீரைக் கூடக் குடிக்காமல் எழுந்து வந்தேன். காரில் உட்கார்ந்த பிறகுதான் கோபம் யார் மேல் என்றே குழம்பிப் போனது. கறிக்கிண்ணம் வேலி தாண்டிப் போகும் தாமானில், வீட்டுக்கு வீடு ஆளைப் பிரித்து ரகசியம் காக்கச் சொன்னது யார்? நான்தானே.

தேர்வுக் குழுவுக்கு முந்தின நாள், என்னோடு பயிற்சியில் இருந்த தம்பி ஒருவன், அறுவை சிகிச்சைப் பிரிவில் இருப்பவன், அக்கறையாகத்தான் சொன்னான். “அக்கா, அந்த ஆண்ட்டி கதையெல்லாம் எதுக்கு? சாம்பிள் சின்னது, ரிசல்ட் தெளிவா வரலன்னு சொல்லிட்டு உட்காந்துருங்க. யாரும் நோண்ட மாட்டாங்க லா.” அப்படிச் செய்திருந்தால் தப்பித்திருக்கலாம். ஆனால் நடந்ததை மறைத்துத்தான் புதன்கிழமையைக் காப்பாற்ற வேண்டும் என்றால், அந்தப் புதன்கிழமையை வைத்துக்கொண்டு நான் என்ன கிழிக்கப் போகிறேன்?

நடந்ததை நடந்தபடியே சொன்னேன். ஞாயிற்றுக்கிழமைச் சட்டி வந்ததும் தேர்வுக் குழுவில் இரண்டு பேர் சிரித்தார்கள். மூன்றாமவர் சிரிக்கவில்லை. இந்த மக்களிடம் முறையான ஆய்வு நடத்த முடியாது என்பதுதானே இதற்குப் பொருள் என்று கேட்டார். அந்த ‘இந்த மக்கள்’ எனக்குச் சுருக்கென்று தைத்தது.

“நடத்த முடியும்” என்றேன். “ஆளுக்கு ஆள் பிரிக்கத்தான் முடியாது. ஊர் ஊராகப் பிரிக்கிறேன். ஓர் ஊர் முழுக்க வகுப்பு, தள்ளியிருக்கும் இன்னோர் ஊர் முழுக்கக் காத்திருப்பு. ஊருக்குள் அவர்கள் எவ்வளவு வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளட்டும். அப்படிச் சொல்லிக்கொள்வதால்தான் இது பலிக்கும் என்று நினைக்கிறேன்.”

இரண்டாம் ஆண்டு கிடைத்தது. ஒரு நிபந்தனை போட்டார்கள். காத்திருக்கும் ஊர்களில் வகுப்பில் சொல்லும் எதையும் எங்கள் ஆட்கள் யாரும் முன்கூட்டி வாய்விடக் கூடாது. விட்டால் ஆய்வு அதோடு செத்தது. சரி என்று உடனே ஒப்புக்கொண்டேன்.

எந்த ஊர் எந்தப் பக்கம் என்பதற்கும் குலுக்கல்தான். மஸ்ஜித் தானா என்ற ஊரில் இருக்கும் நம் குடும்பங்கள் வகுப்புப் பக்கம் விழுந்தன. ஜாசின் காத்திருப்புப் பக்கம் விழுந்தது.

ஜாசினில் என் அம்மா இருக்கிறார். மகளின் ஆய்வில் தாயைச் சேர்க்க முடியாது என்பதால் அவர் பெயர் எதிலும் இல்லை. ரத்தக் கொதிப்பு மட்டும் இருக்கிறது. காலையில் தாமானைச் சுற்றி நடக்கப் போகும் பெண்கள் கூட்டத்துக்கு அவர்தான் தலைவி. அங்கே அவர் காதில் விழுந்தது மாலைக்குள் பாசார் மீன்கடை வரை போய்ச் சேர்ந்துவிடும்.

குலுக்கல் நடந்த அன்று சாயங்காலமே அம்மா போன் செய்தார். “என்னமோ உப்பு கொறைக்க ஒரு வழி வச்சிருக்கியாமே? என்னா அது, சொல்லு. நாளைக்கே செஞ்சி பாக்குறேன்.”

“இப்ப சொல்ல முடியாதும்மா. அடுத்த வருசம் அங்க வந்து எல்லாருக்கும் சேத்து சொல்றேன்.”

“ஊர்ல உள்ளவங்களுக்கெல்லாம் சொல்லுவ. பெத்தவளுக்கு சொல்ல மாட்டியா?”

“உங்களுக்கு சொன்னா ஜாசினுக்கே சொன்ன மாதிரிம்மா.”

சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. டிவி சத்தத்தைக் குறைத்தார்.

“எனக்கு மட்டும்னு சொல்லு. யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்.”

“சொல்லாம உங்களால இருக்க முடியாதும்மா.”

ஒரு வார்த்தை சொல்லிவிட்டால்தான் என்ன என்று நாக்கு நுனி வரை வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு, “மாத்திரைய மட்டும் விட்றாதீங்க” என்றேன்.

“அது எனக்குத் தெரியும். நீ உன் வேலையப் பாரு” என்று போனை வைத்துவிட்டார்.

அடுத்த புதன்கிழமை அடுப்பையும் சட்டிகளையும் காரில் ஏற்றிக்கொண்டு மஸ்ஜித் தானாவுக்குப் போனேன். என் அம்மாவுக்குச் சொல்லாததை, முன்பின் தெரியாத பெண்களுக்கு ஒன்றுவிடாமல் சொல்லிக்கொடுத்தேன்.