கட்டிலுக்கடியில் முப்பத்தெட்டு பாட்டில்

திண்டுக்கல்லில் கிணற்று மோட்டார்களைப் பழுதுபார்த்துக்கொண்டிருந்த கிளெமென்ட், 1999-இல் உல்லாசக் கப்பலில் பைப் ஃபிட்டராகச் சேர்ந்தார். அதுவரை அவர் கடலைப் பார்த்தது வேளாங்கண்ணியில் மட்டும்தான். பதின்மூன்று மாடிக் கப்பலைக் கண்டதும் மனுஷன் அசந்துபோய் நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டார்.

ஒரு காலத்தில் ஆளையும் தபாலையும் அக்கரை சேர்ப்பதுதான் கப்பலின் பிழைப்பு. அதில் விமானம் வந்து மண்ணைப் போட்டது. கப்பல்காரர்கள் லேசுப்பட்டவர்களா? நீச்சல் குளம், நாடகக் கொட்டகை எல்லாம் கட்டி, பயணத்தையே விருந்தாக்கி விற்கத் தொடங்கிவிட்டார்கள்.

டீசல் எஞ்சின்கள் ஓர் ஊருக்கே போதுமான மின்சாரம் தந்தன. அந்த மின்சாரத்தில், கப்பலின் அடிவயிற்றில் தொங்கிய ராட்சத மோட்டார்கள் சுழன்றன. அவையே இடமும் வலமும் திரும்புவதால் சுக்கானே கிடையாது. அலை பெரிதானால் விலாவில் இரண்டு துடுப்புகள் நீண்டு ஆட்டத்தை அடக்கும். ஆனால் கிளெமென்ட் சொக்கிப்போனது வேறொன்றில். எஞ்சின் சூட்டிலேயே கடல்நீரைக் காய்ச்சி, நாளுக்கு ஐந்நூறு டன் நல்ல தண்ணீர் எடுத்தது ஓர் இயந்திரம்! பத்து நாளைக்கொரு தரம் குழாய் திறக்கிற ஊர்க்காரருக்கு அது தெய்வமாகத் தெரிந்ததில் என்ன தப்பு?

தப்பு கைப்பழக்கத்தில்தான் வந்தது. தண்ணீர் வந்தால் வீட்டிலுள்ள டம்ளர் வரை நிரப்பி வைப்பது திண்டுக்கல் வழக்கம். அறைச் சோதனைக்கு வந்த கிரேக்கரான தலைமை எஞ்சினியர், கிளெமென்ட்டின் கட்டிலுக்கடியில் முப்பத்தெட்டு பாட்டில் தண்ணீரைக் கண்டுபிடித்தார். தேங்கிய தண்ணீரில் கிருமி வளரும், கப்பலே படுத்துவிடும் என்று சத்தம் போட்டார். இன்னொரு தப்பு நடந்தால் அடுத்த துறைமுகத்தில் இறக்கிவிடுவேன் என்றும் சொல்லிவிட்டார். கிளெமென்ட்டுக்கு அழுகையே வந்துவிட்டது. அந்தக் கப்பலை விட்டுப் போக அவருக்கு மனசே இல்லை.

இரண்டு மாதம் கழித்து ஒரு மதியம், நல்ல தண்ணீர் பம்பைக் கடந்து போனவர் சட்டென நின்றார். குழாய்க்குள் 'புஸ்ஸ்... புஸ்ஸ்' என்று காற்று. ஊரில் தண்ணீர் வருமுன்னும் நிற்குமுன்னும் கேட்கும் அதே சத்தம். தொட்டியின் அளவுமானி 'நிறைவு' என்றது. உத்தரவில்லாமல் பம்பைத் தொட்டால் மூட்டை கட்ட வேண்டியதுதான். காதை நம்புவதா, மானியை நம்புவதா? மாதாவை வேண்டிக்கொண்டு பம்பை நிறுத்தினார்.

இரண்டாயிரம் பயணிகளின் குழாய்களும் நின்றன. தலைமை எஞ்சினியர் கொதித்துப்போய் ஓடிவந்தார். கிளெமென்ட் தொட்டியின் மூடியைக் கழற்றிக் காட்டினார். அடியில் முழங்கால் அளவுகூடத் தண்ணீர் இல்லை. மானியின் மிதவை மேலேயே சிக்கியிருந்தது. இன்னும் கொஞ்ச நேரம் ஓடியிருந்தால் பம்பு கருகியிருக்கும். உடனே அடுத்த தொட்டிக்கு மாற்றினார்கள். அன்று மாலையே தண்ணீர்ப் பொறுப்பு முழுவதும் கிளெமென்ட் கைக்கு வந்தது.

விடுப்பில் கிளம்பும்போது தலைமை எஞ்சினியரே ஒரு பாட்டிலில் கப்பலில் காய்ச்சிய தண்ணீரை நிரப்பிக் கொடுத்தார்.

வீட்டில் மனைவி சகாயசெல்வி ஒரு வாய் குடித்துப் பார்த்தாள்.

“ஏங்க, நெசமாவே கடல் தண்ணியா? உப்பே இல்லையே!”

“நாந்தேன் காச்சுனேன், புள்ள.”

“இம்புட்டு ருசியா இருக்கே,” என்றவள், தெருக்குழாயை எட்டிப் பார்த்தாள். தண்ணீர் வந்து ஒன்பது நாளாகியிருந்தது. பாட்டிலில் மிச்சமிருந்ததை அப்படியே உலைப்பானையில் ஊற்றினாள்.