இரண்டு ஊரில் ஒரே 786

இரண்டு கம்பனிக்கும் இடையில் ஃபைபர் இணைப்புக் கொடுத்த அடுத்த நாள், கற்பிட்டி மீன் கம்பனியின் குளிரறைத் திரை செத்துச் செத்துப் பிழைத்தது. குளிர் எவ்வளவு என்று காட்டும் எண் கொஞ்ச நேரம் வரும், பிறகு மறையும். உள்ளே ஏற்றுமதிக்கு வைத்த இறால். அதே நேரம் பாலாவி உப்புக் கம்பனியிலும் பில் போடுவது விட்டுவிட்டுத்தான் நடந்தது.

இரண்டும் அண்ணன் தம்பி கம்பனிகள். பாலாவி மூத்தவருடையது. ஊரில் எல்லோருக்கும் அவர் ஹாஜியார். தம்பிக்கு மட்டும் காக்கா, அதாவது அண்ணன். கற்பிட்டி தம்பியுடையது. தகப்பன் மௌத்தாகி அடக்கமான பிறகு, உப்பு வயலுக்குத் தண்ணீர் வரும் வாய்க்கால் ஒன்றால் இருவருக்கும் கதைபேச்சு நின்றுபோனது. சகோதரி மகளின் நிக்காஹ்வில்தான் மறுபடி கதைத்தார்கள். அந்தச் சந்தோசத்தில் இரண்டு கம்பனியையும் ஒரே நெட்வொர்க்காக்கச் சொன்னார்கள்.

பாலாவி சர்வர்களைப் பார்ப்பது என் வேலை. ஓ.எல். பரீட்சை வரை படித்து, கேபிள் இழுக்கப் போய், அப்படியே பழகிக்கொண்டவன். ஆட்களோடு கதைக்க எனக்குக் கூச்சம். சர்வர் அறையில் யாரும் கதைக்க மாட்டார்கள். குளிரும் ஒரே சீரான இரைச்சலும் மட்டும்தான். கண்ணை மூடினால் களப்புத் தண்ணீரின் அடியில் படுத்துக் கிடப்பதுபோல் இருக்கும். அன்று அந்த அறைக்குள்ளேயே ஹாஜியார் வந்துவிட்டார்.

"சூசை, உண்மையச் சொல்லு. தம்பி அங்கால இருந்து ஏதும் செய்றானா?"

"இல்ல ஹாஜியார்."

"பின்ன என்னத்துக்கு அவன்ட லைன் வந்ததோட என்ட பில் நிக்குது?"

அதற்குள் அவருடைய போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டார்.

"காக்கா, உங்கட ஆள் என்ட லைனப் புடிச்சு இழுக்கிறான். என்ட இறால் பழுதாகப் போகுது. அன்டைக்கு வாய்க்கால அடைச்சீங்க. இன்டைக்கு இதையும் அடைக்கிறீங்களா?"

ஹாஜியாரின் முகம் கறுத்தது. இன்னும் ஒரு வார்த்தை வந்தால் நிக்காஹ்வில் சேர்ந்தது இங்கே அறுந்துவிடும் என்று எனக்குத் தெரிந்தது. நான் நெட்வொர்க் சுவிட்சின் பதிவைத் திறந்து பார்த்தேன். ஒரே மெக் எட்ரஸ், அதாவது நெட்வொர்க்கில் ஒரு சர்வரின் அடையாள எண், ஒரு நிமிசம் பாலாவிப் பக்கம் இருந்தது. அடுத்த நிமிசம் கற்பிட்டிப் பக்கம் இருந்தது. ஒரே ஆள் இரண்டு ஊரில் நிற்பதைக் கனவில் பார்ப்பதுபோல.

புதிதாக வேலைக்கு வருபவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டும். ஒரே பெட்டிக்குள் அடுக்கிய எங்கள் பிளேட் சர்வர்களுக்கு இந்த அடையாளத்தை நாமே கொடுக்கிறோம். எண்களை ஒரு பூலாக ஒதுக்கி வைப்போம். ஒவ்வொரு சர்வரின் அமைப்பும், நாங்கள் புரொபைல் என்போம், அதிலிருந்து வரிசையாக ஒன்றை எடுத்துக்கொள்ளும். சர்வர் பழுதானால், வேறொரு சர்வர் அதே அடையாளத்தைப் போட்டுக்கொண்டு எழும்பும். எண்ணில் ஆறு சோடி இலக்கம். முதல் மூன்று சோடி இந்த வகைச் சர்வருக்கு எல்லா இடத்திலும் ஒன்றுதான். கடைசி மூன்றும் நம் விருப்பம்.

தொண்டையைச் செருமிக்கொண்டு போனுக்குக் கிட்டப் போனேன். "முதலாளி, உங்கட பூல் எந்த நம்பர்ல தொடங்குது?"

"எதுலயா? 786லதான். கொழும்பு எஞ்சினியர்ட்ட நானே சொல்லிப் போட்டன். என்ட லொறிக்கும் அதுதானே."

பிஸ்மில்லாஹ்வுக்குரிய எண் என்று இங்குள்ள முஸ்லிம் வியாபாரிகள் அதை எங்கும் போடுவார்கள். ஹாஜியாரும் என்னிடம் அதைத்தான் கேட்டிருந்தார். கதையில்லாமல் இருந்த காலத்தில், ஒருவருக்கொருவர் தெரியாமல், இருவரும் கடைசி மூன்று சோடியை 00, 07, 86 என்று ஒரே எண்ணில் தொடங்கியிருந்தார்கள்.

விசயத்தைச் சொன்னேன். ஒரே எண் இரண்டு இடத்தில் இருந்தால், யாருக்கு அனுப்புவது என்று சுவிட்ச் தடுமாறும். ஒருவர் எண்ணை மாற்ற வேண்டும். மாற்றுகிறவரின் சர்வரை நிறுத்த வேண்டும். ஹாஜியார் கதவைத் திறந்து வெளியே பார்த்தார். உப்பு வயல் வெயிலில் தண்ணீரா வானமா என்று தெரியாமல் மிதந்தது.

"என்டத மாத்து," என்றார். "உப்புக் கிடக்கும். மீன் கிடக்காது."

"காக்கா..." என்றது போன்.

"வை போன. போய் இறாலப் பாரு."

சர்வரை நிறுத்தினேன். அறையின் இரைச்சல் அடங்கியது. அந்த அமைதியில் புதிய பூலுக்கு எண் யோசித்தபோது பிடிபட்டது. நாலாவது சோடியில் பாலாவிக்கென்று ஒரு எண் போட்டால் போதும். அதற்குப் பிறகு 07, 86 என்று தொடங்கலாம். கற்பிட்டியோடு முட்டாது. மெதுவாகச் சொன்னேன்.

ஹாஜியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "போடு. ஆனா தம்பிட்ட சொல்லாத. அவனுக்காக 786ஐ விட்டுக்கொடுத்தன் எண்டு நெனைச்சுக்கொண்டு இரிக்கட்டும்."

சர்வர் எழும்பியது. கற்பிட்டித் திரையில் குளிரின் எண் அசையாமல் நின்றது.

சில மாதங்களுக்குப் பிறகு தம்பி பாலாவிக்கு வந்து, என் திரையை எட்டிப் பார்த்தார். 07, 86 அதில் தெளிவாகத் தெரிந்தது. வெகு நேரம் பார்த்தார்.

"சூசை, நான் கண்டன் எண்டு காக்காட்ட சொல்லாதீங்க," என்றார்.

பின்னால் இரண்டு ரகசியமும் வெளியே வந்து, இருவருக்கும் அது இப்போது சொல்லிச் சிரிக்கும் பழைய பகிடி. அதனால்தான் எழுதுகிறேன். பூல் திறக்கும்போது முதலில் ஊருக்கென்று ஒரு எண்ணை ஒதுக்குங்கள். தனியாக நிற்கும் சர்வருக்கும் அப்படியே செய்யுங்கள். கதையில்லாமல் இருக்கிற இரண்டு இடமும் ஒரு நாள் சேரும் என்று நினைத்துப் போடுங்கள்.