தொப்பூரில் விழுந்தால் வீட்டுக்கு

மகளின் பழைய மடிக்கணினியில் இன்றைய தேதிக்கு நாற்பத்தொரு விளையாட்டுகள் வைத்திருக்கிறேன். ஒன்றுக்கும் காசு கொடுத்ததில்லை. விளையாடி முடித்தவை ஆறு, பாதியில் விட்டவை இருபத்திரண்டு. மீதிப் பதின்மூன்றைத் திறந்து பார்த்த வேகத்தில் மூடிவிட்டேன். வேலைக்காலம் முழுவதும் கணக்குப் பிரிவில் உட்கார்ந்திருந்தவனுக்கு எதையும் எண்ணாமல் வைத்துக்கொள்ளத் தெரிவதில்லை.

ஊரெல்லாம் பேசும் பெரிய விளையாட்டுகளை இந்தக் கணினி தாங்காது. அதனால் யாரும் கேள்விப்படாதவை மட்டுமே என் பங்கு. அவற்றைப் பற்றி எனக்கு அபிப்பிராயங்கள் உண்டு. சேலம் ஃபேர்லேண்ட்ஸில் எங்கள் தெருவில் அவற்றைக் கேட்க ஆள் இல்லாததால் இங்கே எழுதுகிறேன்.

இலவசம் என்று சொல்லிக்கொள்பவை எல்லாம் இலவசம் அல்ல. சில, நம்மை உள்ளே இழுத்துவிட்டு, கை சூடேறும் நேரத்தில் விளம்பரத்தைக் காட்டும். இன்னும் ஒரு உயிர் வேண்டுமா, விலை இவ்வளவு என்று கேட்கும். பந்தியில் உட்காரவைத்துவிட்டு இலைக்கு விலை சொல்வது போன்ற வேலை அது. வேறு சில இருக்கின்றன. எங்கோ ஒரு ஆள் தன் பிழைப்பு முடிந்த பிறகு தனியாக உட்கார்ந்து செய்து, எடுத்துக்கொள்ளுங்கள் என்று வைத்துவிட்டுப் போனவை. ரயில் நிலையத்தில் தண்டவாளம் மாற்றும் விளையாட்டு ஒன்று அப்படிப்பட்டது. ரயில்கள் தீப்பெட்டி மாதிரி இருக்கும், சத்தமே கிடையாது. ஆனாலும் இரண்டு ரயில்கள் ஒரே தடத்தில் நெருங்கும்போது எனக்கு உள்ளங்கை வேர்த்தது. பாசி வளர்க்கும் விளையாட்டு ஒன்றும் இருக்கிறது. நாம் என்ன செய்தாலும் பாசி வளரும். ஒன்றுமே செய்யாமல் விட்டுப் பார்த்தேன், அப்போதும் வளர்ந்தது. பயிர் என்றால் வாடவும் தெரிய வேண்டாமா?

இப்படிப்பட்ட விளையாட்டுகளின் அடியில் கருத்து எழுத ஒரு கட்டம் இருக்கும். எது நன்றாக இருந்தது, எது இல்லை என்று இரண்டு வரி நான் தவறாமல் எழுதிவிடுவேன். ஒற்றை விரலில் அடிப்பதைப் பார்த்து மகள் கேட்பாள்.

“இதுல உங்களுக்கு என்னப்பா கெடைக்குது?”

போன வாரம் இறக்கியது ஒரு மலைப்பாதை. ஒரு உருண்டையைச் சாய்த்துச் சாய்த்து மேலே கொண்டுபோக வேண்டும். செய்தவர் ஏதோ குளிர்நாட்டுக்காரர். இதுவரை இறக்கியவர்கள் ஐம்பது பேர்கூட இல்லை, அதில் இரண்டு முறை நான். பாதை நன்றாகவே இருந்தது. ஆனால் உருண்டை பள்ளத்தில் விழுந்தால் சிவப்பு எழுத்து வரவில்லை, மதிப்பெண் குறையவில்லை. ஒரு குழாய் வழியாகக் கலகலவென்று உருண்டு அடிவாரத்துக் குடிசை வாசலில் வந்து நின்றது. அவ்வளவுதான். எத்தனை முறை விழுந்தோம் என்ற கணக்குக்கூட அதனிடம் இல்லை. எனக்குக் கோபம் வந்தது. விழுந்தால் ஒரு நஷ்டம் வேண்டும், இல்லாவிட்டால் இதை விளையாட்டு என்றே சொல்ல முடியாது என்று அந்தக் கட்டத்தில் அடித்தேன். அனுப்பப் போனவன் விரலை எடுத்துவிட்டேன். இதே புகாரை இதே எரிச்சலோடு இதற்கு முன் ஒருவரிடம் சொல்லியிருக்கிறேன். அப்போது எனக்கு ஒன்பது வயது.

நாங்கள் நாமக்கல்லில் இருந்தோம். அப்பா பம்பாய் லைனில் லாரி ஓட்டினார். சித்தப்பா, அப்பாவின் தம்பி, லாரிக்கு பாடி கட்டும் பட்டறையில் தச்சு வேலை பார்த்தார். கல்யாணம் ஆகாதவர், எங்களோடுதான் சாப்பாடு. வீட்டில் நான்கு பேர் என்று நான் சொல்வேன். அப்பா இருக்கும் நாட்களைக் கூட்டிப் பார்த்தால் மூன்றேகால் பேர் என்பதே சரி.

அந்த வருடம் மாரியம்மன் நோம்பிக்கு, அதாவது திருவிழாவுக்கு, கோயில் முன்னால் கம்பம் நட்டார்கள். மூன்று கிளை உள்ள அந்த மரக்கம்பம்தான் அம்மனுக்குப் புருஷன். அது நின்றிருக்கும் நாளெல்லாம் பெண்கள் விடிகாலையில் குடத்தோடு போய் அதற்குத் தண்ணீர் ஊற்றுவார்கள். கம்பம் நட்ட பிறகு ஊர்க்காரர்கள் யாரும் வெளியூரில் ராத்தங்கக் கூடாது என்பது கட்டு. லாரியை நம்பிப் பிழைக்கும் ஊருக்கு இது எவ்வளவு சிரமமான கட்டு என்பதை அம்மன் யோசித்திருக்க மாட்டாள். டிரைவர்கள் முன்கூட்டியே கணக்குப் போட்டு ஊர் திரும்பிவிடுவார்கள். அப்பாவும் அப்படித்தான் சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

கம்பம் நட்டாகிவிட்டது. அப்பா வரவில்லை. வடக்கே மழை, ஆறு பெருகிப் பாலத்துக்கு மேல் தண்ணீர் போகிறது என்று, பாதியில் திரும்பிவந்த ஒரு வண்டிக்காரர் சொன்னார். அப்பாவின் வண்டியைப் பார்த்தீர்களா என்று அம்மா கேட்டாள். அவர் பார்க்கவில்லை. பார்க்கவில்லை என்பதைத் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். எதிர்வீட்டுப் பெண்கள் தினமும் வந்து, “வந்துருவாருங்க, ஒண்ணும் ஆகாது” என்று சொல்லிவிட்டு, கொஞ்ச நேரம் அங்கேயே நின்றுவிட்டுப் போனார்கள். அம்மா விடிவதற்குள் எழுந்து, மற்றவர்கள் ஒரு குடம் ஊற்றினால் அவள் மூன்று குடம் ஊற்றினாள்.

கம்பம் நட்ட மறுநாள் சித்தப்பா பட்டறையில் மிஞ்சிய பலகைத் துண்டுகளோடு வீட்டுக்கு வந்தார். இரண்டு நாள் இழைத்தார், அறைந்தார், துளை போட்டார். இரண்டு கையால் பிடித்துச் சாய்க்கும்படி ஒரு தட்டு உருவாயிற்று. அதன்மேல் மெல்லிய சட்டங்களை அடித்து வளைவு வளைவாக ஒரு சாலை. ஆரம்பத்தில் நாமக்கல், பிறகு சேலம், ஓமலூர், தொப்பூர் கணவாய், தர்மபுரி, ஓசூர், பெங்களூர், கடைசி மூலையில் பம்பாய். லாரிக்குப் பெயர் எழுதும் அதே எழுத்தில் ஊர்ப் பெயர்களை எழுதியிருந்தார். ஒரு பேரிங் குண்டுதான் லாரி. வழியெல்லாம் ஓட்டைகள், லாரிகள் அடிக்கடி கவிழும் தொப்பூரில் மட்டும் பெரிய ஓட்டை. நாமக்கல் என்று எழுதிய இடத்தில் பச்சைக் கதவு வைத்த ஒரு வீட்டை வரைந்திருந்தார். எங்கள் வீட்டுக் கதவும் பச்சைதான். பட்டறையில் பச்சைப் பெயிண்ட் மீந்திருக்கும் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

தட்டுக்கு அடியில் இன்னொரு பலகையைச் சரிவாகப் பொருத்தியிருந்தார். எந்த ஓட்டையில் விழுந்தாலும் குண்டு அந்தச் சரிவில் உருண்டு முன்பக்கம் வந்து, பச்சைக் கதவுக்குக் கீழே ‘டக்’ என்று நிற்கும்.

எனக்கு இது பிடிக்கவில்லை.

“உழுந்தா அவுட்டுன்னு இருக்கோணும் சித்தப்பா. கொறஞ்சது மூணு தடவை உழுந்தா அவுட்டு.”

“அவுட்டெல்லாம் இந்த ரோட்டுல கெடையாது சாமி.”

“அப்பறம் எதுக்கு ஓட்டை?”

“ரோடுன்னா ஓட்டை இருக்கத்தான் செய்யும்.”

“தொப்பூர்ல உழுந்த வண்டி ஊட்டுக்கு வருமா?”

சித்தப்பா உப்புத்தாளைக் கீழே வைத்தார். “என்னோட ரோட்டுல வரும்” என்று மட்டும் சொல்லிவிட்டு, மறுபடி எடுத்துத் தேய்த்தார்.

நோம்பிக் கடைகள் போட்டதும் தட்டைத் தூக்கிக்கொண்டுபோய்க் கோயில் பக்கத்தில் ஒரு முக்காலிமேல் வைத்தார். யார் வேண்டுமானாலும் விளையாடலாம், காசு வேண்டாம். பக்கத்தில் வளையம் எறியும் கடை. எதிரே சோப்பும் கண்ணாடியும் அடுக்கியிருந்தார்கள். அந்த வளையம் சோப்புமேல் முழுதாக விழாத அளவில் செய்யப்பட்டிருப்பது எனக்கே தெரிந்தது. அங்கே நிற்க இடம் இல்லை. எங்கள் முக்காலியைச் சுற்றி நல்ல காற்று வீசியது.

மீசை முறுக்கிய ஒருவர் வந்தார். “என்ன கொடுக்கோணும்?”

“ஒண்ணும் வேண்டாமுங்க. வெளையாடுங்க.”

“பம்பாய்க்குப் போயிட்டா என்ன தருவீங்க?”

“ஒண்ணும் இல்லீங்க.”

அவர் தட்டைத் தூக்கி அடியில் பார்த்தார், காந்தம் இருக்கிறதா என்று. பிறகு சித்தப்பாவின் முகத்தைப் பார்த்தார். “அப்பறம் நான் எதுக்குங்க வெளையாடோணும்?”

“சும்மா வெளையாடிப் பாருங்களேன்.”

கூட வந்தவர் அவர் கையைப் பிடித்து இழுத்தார். “வாங்க மாமா. நம்மளக் குனிய உட்டுப்போட்டு எவனாவது பையில கையை உடுவான். ஓசின்னு ஒருத்தன் சொன்னா ரெண்டடி தள்ளி நிக்கோணும்.”

பட்டறை ஆட்கள் வந்தார்கள். ஒருவன், “ஏனப்பா, பாடி கட்டச் சொன்னா பம்பாய்க்கே ரோடு போட்டுட்டியா” என்றான். அவர்கள் சிரித்துக்கொண்டே விளையாடினார்கள். யாரும் தொப்பூரைத் தாண்டவில்லை. குண்டு எடுத்துக் கொடுப்பதும் எண்ணிக்கை வைப்பதும் என் வேலை. அன்று மாலை வரைக்கும் ஆட்கள் பதினொன்று, ஓமலூரில் விழுந்தவர்கள் நான்கு, தொப்பூரில் ஏழு. சித்தப்பா என் கணக்கைக் கேட்டுக்கொண்டாரே தவிர, கண் கூட்டத்தின்மேல் இருந்தது. யாரையோ எதிர்பார்க்கிறவர்போல இருந்தார்.

வெயில் தாழ்ந்ததும் அம்மா வந்தாள். கோயிலுக்கு வந்தவள் எங்களைத் தேடிக்கொண்டு வந்ததாகச் சொன்னாள். சித்தப்பா எழுந்து நின்றார்.

“நீங்க ஒரு கை பாருங்க அண்ணி.”

“எனக்கென்ன வெளையாட்டு.”

“சும்மா பாருங்க.”

அம்மா தாயம்கூட ஆடியதில்லை. தட்டை முறத்தைப் பிடிப்பதுபோல் பிடித்தாள். குண்டு சேலம் போயிற்று, ஓமலூரைத் தாண்டிற்று. எனக்கு ஆச்சரியம், பட்டறை ஆட்களைவிட நன்றாகவே ஓட்டினாள். தொப்பூரில் விழுந்தது. குண்டு மறைந்ததும் அம்மாவின் முகம் மாறியது. அடியில் கடகடவென்று சத்தம் கேட்டது. அவள் தலையைச் சாய்த்துக் கேட்டாள். சத்தம் நின்று, பச்சைக் கதவுக்குக் கீழே குண்டு எட்டிப் பார்த்தது.

அம்மா சித்தப்பாவைப் பார்த்தாள். சித்தப்பா வளையக் கடைப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மறுபடி ஓட்டினாள். இந்த முறை வளைவுக்கு வந்ததும் தட்டை நேராக ஓட்டைப் பக்கமே சாய்த்தாள். குண்டு விழுந்தது, உருண்டது, கதவுக்கு வந்தது. மறுபடியும். நான் பொறுக்க முடியாமல், “அந்தப் பக்கம் சாய்க்காதம்மா, எடது கையைத் தூக்கு” என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் காதில் விழவே இல்லை. பட்டறை ஆட்கள் பார்க்கிறார்களே என்று எனக்கு அவமானமாக இருந்தது. ஒன்பது தடவை. ஒன்பதும் தொப்பூர். பிறகு தட்டைக் கீழே வைத்து, குண்டை முந்தானையால் துடைத்து என் கையில் கொடுத்தாள்.

“நல்லா இருக்குது தம்பி” என்று சித்தப்பாவிடம் சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

சித்தப்பா தட்டைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார். கூட்டம் இனிமேல்தான் வரும் என்றேன். போதும், வீட்டுக்குப் போகலாம் என்றார். மறுநாள் கடை போடவில்லை.

கம்பம் பிடுங்குவதற்கு முந்தின நாள் அப்பா வந்து சேர்ந்தார். தாடியும் சேறுமாக இருந்தார். பாலத்துக்கு அந்தப் பக்கம் வரிசையாக வண்டிகள் நின்றதையும் வெறும் கடலையைத் தின்று கிடந்ததையும் சொன்னார். அம்மா சுடுதண்ணீர் வைத்தாள். சோப்பை இரண்டு முறை தேடினாள். அது அவள் கையிலேயே இருந்தது.

சாப்பிட்ட பிறகு அப்பா மூலையில் இருந்த தட்டைப் பார்த்து மடியில் வைத்துக்கொண்டார். எங்கள் வீட்டில் அந்தச் சாலையில் உண்மையாகவே போய்வந்தவர் அவர் ஒருவர்தான். அவரும் தொப்பூரில் விழுந்தார். குண்டு கதவுக்கு வந்து நின்றதும் சிரித்துவிட்டார்.

“தொப்பூர்ல உழுந்தவனை ஊட்டுக்கு அனுப்பற ரோடு எங்கடா இருக்குது?”

“நான் போட்டதுங்கண்ணா” என்றார் சித்தப்பா.

அப்பா பிறகு சிரிக்கவில்லை. விரலால் அந்தப் பச்சைக் கதவைத் தடவிப் பார்த்தார். கணக்குச் சொல்ல இதுதான் சமயம் என்று எனக்குத் தோன்றியது.

“அம்மாவுக்கு வெளையாடவே தெரியலைங்கப்பா. ஒம்பது தடவை ஆடி, ஒம்பது தடவையும் தோத்துட்டா. ஒருக்காகூடத் தொப்பூரைத் தாண்டலை.”

அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா சோற்றுச் சட்டியை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

“எனக்கு அவ்வளவுதானுங்க வெளையாடத் தெரியும்” என்றாள்.

களைப்பாக இருந்ததால்தான் அப்பா என் கணக்கைப் பற்றி மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை என்று நினைத்தேன். அடுத்த நோம்பிக்குள் எப்படியாவது அம்மாவுக்குச் சரியாக விளையாடக் கற்றுக்கொடுத்துவிட வேண்டும் என்று அன்றைக்கே முடிவு செய்துகொண்டேன்.