பெரியம்மா பெயரில் வந்த சூரிய விளக்கு

எங்கள் வீட்டு வாசலில் கையில் காகிதத்தோடு யாராவது வந்து நின்றால், அம்மா முதலில் சொல்வது "வூட்ல யாரும் இல்ல" என்பதுதான். அதைச் சொல்கிறவள் வீட்டுக்குள்தான் நிற்கிறாள் என்பதை அவள் பொருட்படுத்த மாட்டாள். வந்தவர்களும் பெரும்பாலும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாமல் அடுத்த வீட்டுக்குப் போய்விடுவார்கள். அங்கேயும் யாரும் இருக்க மாட்டார்கள்.

அடையாற்றங்கரையில் எங்கள் சந்து முழுக்க இதே பழக்கம்தான். எதிர்க்கரையில் ஒருமுறை சிலர் இப்படித்தான் வந்து வீட்டுக்கு எத்தனை தலை என்று எண்ணினார்கள். கதவுகளில் சிவப்பு பெயிண்டால் நம்பர் போட்டார்கள். பிறகு லாரிகள் வந்து அத்தனை பேரையும் நகரத்துக்கு வெளியே கொண்டுபோய் இறக்கிவிட்டன. அது நான் விவரம் அறிவதற்கு முன்பு நடந்தது. ஆனாலும் எங்கள் கரையில் யார் எதை எண்ணினாலும் கதவுகள் சாத்திக்கொள்ளும். சொட்டு மருந்து கொடுக்க வருகிறவர்கள் கதவில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டுவிட்டுப் போனால், அவர்கள் சந்து முனை திரும்புவதற்குள் அம்மா ஈரத்துணியால் அதைத் துடைத்திருப்பாள்.

நான் அப்போது ஆறாம் வகுப்பு. எங்கள் குடும்பத்தில் ஐந்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான்தான். சந்தில் யாருக்கு என்ன காகிதம் வந்தாலும் என்னிடம்தான் கொண்டுவருவார்கள். மருந்துச் சீட்டைக்கூட நீட்டுவார்கள். அதில் டாக்டர் கிறுக்கியது எனக்குப் புரியாது என்றாலும், முகத்தைத் தீவிரமாக வைத்துக்கொண்டு, "மூணு வேளை, சாப்ட்ட பிறகு" என்று சொல்லிவிடுவேன். பெரும்பாலும் அது சரியாகவே இருந்தது.

எங்களுக்கு சொந்த மீட்டர் கிடையாது. முனை வீட்டில் மட்டும்தான் மீட்டர் உண்டு. அந்த வீட்டு அத்தை அங்கிருந்து ஒரு ஒயர் இழுத்து எங்களுக்கு ஒரு பல்பும் ஒரு ஃபேனும் ஓட விட்டிருந்தாள். அவள் மிக்ஸி போட்டால் எங்கள் பல்பு சிவந்து சுருங்கும். அவளுக்கும் அம்மாவுக்கும் குழாயடியில் வாய்த்தகராறு வந்தால் அன்று பல்பே எரியாது. அன்றைக்கு சிம்னி விளக்குதான். புகையில் கண் எரிய, நோட்டில் கோடு தெரியாமல் எழுதிக்கொண்டிருப்பேன். வீட்டுப்பாடம் முடிக்காமல் போய் முட்டி போடுவது அந்த வருடம் எனக்கு வாடிக்கை. நன்றாகப் படிக்கிற பெண் முட்டி போட்டால் மற்றவர்களுக்குக் கொண்டாட்டம்.

அந்தச் சமயத்தில்தான் துணிப்பையும் மூக்குக்கண்ணாடியுமாக ஒரு அக்கா எங்கள் சந்துக்கு வந்தாள். மின்சாரம் சரியாக இல்லாத வீடுகளுக்கு சூரிய விளக்கு இலவசமாகப் பொருத்தித் தருகிறோம் என்றாள். கூரை மேல் ஒரு தகடு, உள்ளே ஒரு பேட்டரிப் பெட்டி, இரண்டு பல்பு, செல்போன் சார்ஜ் போட ஒரு இடம்.

"எங்களுக்கு கரண்டு கீதும்மா," என்றாள் அம்மா.

அன்று குழாயடித் தகராறுக்கு மறுநாள். அக்கா தலைக்கு மேலே எரியாத பல்பைப் பார்த்தாள். அம்மாவும் பார்த்தாள்.

"சும்மா எவன் குடுப்பான்? நாங்க பதிலுக்கு இன்னா குடுக்கணும்?"

"ஒண்ணும் வேணாம்மா. ஒரு ஃபாரம் நிரப்பணும். வீட்டு முன்னாடி நின்னு ஒரு போட்டோ. கதவுல சின்னதா ஒரு நம்பர் ஸ்டிக்கர்."

நம்பர் என்ற சொல் வந்ததும் அம்மா கதவைச் சாத்தப் போனாள். நான் குறுக்கே நின்று அழுதேன். உண்மையான அழுகைதான். அம்மாவின் தம்பி, ஆட்டோ ஓட்டுகிற என் மாமா, அப்போது திண்பண்டப் பொட்டலத்தோடு உள்ளே வந்தார். சார்ஜ் போட இடம் உண்டு என்று கேள்விப்பட்டதும் அவர் கண் கொஞ்சம் விரிந்தது.

"வாங்கிக்கக்கா. போட்டோ வாணாம், நம்பர் வாணாம்னு சொல்லு. பேர மாத்திக் குடு. எவன் வந்து கேக்கப் போறான்?"

அப்படியே முடிவானது. டி.நகர் ஜவுளிக்கடையில் மூட்டை தூக்கிவிட்டு இரவு வரும் அப்பாவின் கருத்து இதில் கேட்கப்படவில்லை. ஸ்டிக்கர் விஷயத்தில் மட்டும் அக்கா விட்டுக்கொடுத்தாள். போட்டோவில் அம்மாவுக்குப் பதிலாகக் கதவு மட்டும் நின்றது. ஃபாரத்தை நான்தான் நிரப்பினேன். பயனாளி பெயர் என்ற இடத்தில், அம்மா சொல்லச் சொல்ல, இறந்து இரண்டு வருடம் ஆகியிருந்த பெரியம்மாவின் பெயரை என் அழகான கையெழுத்தில் எழுதினேன். சூரிய சக்தியால் பயனடைந்தவர்களின் பட்டியலில் என் பெரியம்மா இன்றைக்கும் எங்கோ இருப்பாள்.

தகடு கூரைமேல் ஏறியது. கருநீலமாகப் பளபளவென்று, கட்டம் கட்டமாக வெள்ளைக் கோடுகளோடு இருந்தது. மாமா தெருவில் நின்று அதையே வெகுநேரம் அண்ணாந்து பார்த்தார்.

"அக்கா, இது மேல பாத்துக்கினு கீதுக்கா."

"மேல பாத்தா இன்னா இப்போ?"

"கட்டம் கட்டமா கீது பாரு. ஒவ்வொரு கட்டமும் ஒரு வூடா இருந்தா? மேலருந்தே எத்தினி வூடுன்னு எண்ணிடுவான். பாலத்து மேல ஜீப்ப நிறுத்திப் பாத்தாலும் பளிச்சுனு தெரியும்."

மறுநாள் காலை அம்மா ஆழ்வார்பேட்டைக்கு வீட்டு வேலைக்குக் கிளம்பும் முன், எங்கிருந்தோ ஒரு பழைய ஃப்ளெக்ஸ் பேனரைக் கொண்டுவந்து தகட்டின் மேல் போர்த்தி நான்கு மூலையிலும் செங்கல் வைத்தாள். யாரோ ஒரு பெண்ணின் மஞ்சள் நீராட்டு விழா பேனர் அது. பகல் முழுக்க அந்தப் பெண் எங்கள் கூரையில் மல்லாந்து படுத்து வானத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். பொழுது சாய்ந்து, பாலத்திலிருந்து பார்த்தால் எதுவும் தெரியாது என்று உறுதியான பிறகு, அம்மா ஏறி பேனரை எடுத்துவிடுவாள்.

முதல் நாள் பல்பு எரிந்தது. இரண்டாம் நாள் கொஞ்ச நேரம் எரிந்தது. மூன்றாம் நாள் எரியவில்லை.

முனை வீட்டு அத்தை குடத்தோடு எங்கள் வாசலில் நின்றாள். "இன்னாம்மே, சூரியன் உன் வூட்டாண்ட வந்து லீவு போட்டுட்டானா?"

"ஏமாத்துக்காரக் கும்பல். நாளைக்கு வந்து தூக்கினு போவச் சொல்றேன்," என்றாள் அம்மா.

எனக்குக் காரணம் தெரிந்திருந்தது. அறிவியல் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு போய் அந்தப் பக்கத்தைப் பிரித்துக் காட்டினேன். படத்தில் சூரியன், தகடு, பல்பு, இடையில் அம்புக்குறிகள். "வெயில் பட்டாதாம்மா சார்ஜ் ஏறும். நீ பகல்ல மூடுற, ராத்திரி தொறக்குற. அது எப்பிடி எரியும்?"

அம்மா படத்தைப் பார்த்தாள். சூரியனுக்கு அதில் கண், மூக்கு எல்லாம் வரைந்திருந்தார்கள்.

"இத்த எழுதுனவன் ஆத்தங்கரையில குடி இருந்தானா?"

"இல்லம்மா."

"அப்ப அவனுக்கு மூடி வெக்கத் தேவ இல்ல."

நான் சாப்பிடவில்லை. மறுநாளும் சாப்பிடவில்லை. பள்ளியில் கொடுக்கும் மதியச் சாப்பாட்டை மட்டும் சாப்பிட்டேன், அதை வீட்டில் சொல்லவில்லை. கடைசியில் அம்மா ஒரு நாள் தருவதாகச் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை ஒரு பகல் மட்டும் பேனரை எடுப்பாள். அன்று எரியாவிட்டால் தகடு போய்விடும், நானும் அதைப் பற்றி மறுபடி வாயைத் திறக்கக் கூடாது.

அந்த ஞாயிறு அம்மா வேலைக்குப் போகவில்லை. எதிர் வீட்டு நிழலில் பக்கெட்டைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்துவிட்டாள். தகட்டைப் பார்ப்பாள், பாலத்தைப் பார்ப்பாள், மறுபடி தகட்டைப் பார்ப்பாள். தகட்டின் மேல் ஒரு காக்கை உட்கார்ந்தது. அதைக் கல்லால் விரட்டினாள். பதினோரு மணிவாக்கில் பாலத்தின் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து ஒரு ஆள் எங்கள் பக்கமாகவே பார்த்துக்கொண்டு நின்றார். வெள்ளைச் சட்டை, கையில் ஃபைல்.

"ஓடிப் போய் அந்தாளு இன்னா எழுதுறான்னு பாத்துட்டு வா."

நான் ஓடினேன். அவர் எதுவும் எழுதவில்லை. ஃபைலைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு பஸ்ஸுக்காகக் காத்திருந்தார். மூச்சிரைக்கத் திரும்பி வந்து சொன்னேன். "பஸ் ஸ்டாப்பு அங்கயா கீது?" என்று அம்மா கேட்டாள். அவர் பஸ் ஏறுகிற வரைக்கும் அவள் அவர் மேலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

அன்று மாலை சுவிட்சை நான்தான் போட்டேன். விளக்கு எரிந்தது. சிம்னியின் மஞ்சள் இல்லை, முனை வீட்டுப் பல்பின் சிவப்பும் இல்லை. பால் போல வெள்ளையாக, ஆடாமல் அசையாமல் நின்றது. எங்கள் வீட்டுச் சுவரில் இத்தனை விரிசல் இருப்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது. மாமா உடனே செல்போனைச் செருகினார். நான் நடுவீட்டில் உட்கார்ந்து, சந்துக்கே கேட்கும்படி, அதே அறிவியல் பாடத்தை உரக்கப் படித்தேன்.

அம்மா ஒரு பழைய புடவையை எடுத்து வாசலில் தொங்கவிட்டாள். வெளிச்சம் தெருவில் விழக் கூடாதாம். எனக்கு எரிச்சலாக இருந்தது. இவ்வளவு நிரூபித்த பிறகும் என்ன சந்தேகம் என்று நினைத்தேன்.

விளக்கு எப்படி இருக்கிறது என்று பார்க்க அந்த வாரமே கண்ணாடி போட்ட அக்கா வந்தாள். அம்மா வழக்கம்போல வீட்டில் யாரும் இல்லை என்று சொல்லவில்லை. உட்காரச் சொன்னாள். டீ வாங்கிவர மாமாவை அனுப்பினாள். பிறகு கேட்டாள்.

"இந்த லைட்டுக்கு வெளியேந்து ஒயரு எதுனா வருதாம்மா?"

"இல்லம்மா. கூரைலருந்து நேரா பெட்டிக்குத்தான்."

"அப்போ இத்த யாரு அமத்த முடியும்?"

"நீங்கதாம்மா. சுவிட்ச்சு உங்க வீட்லதானே இருக்கு."

"நா இல்லாம. வேற யாருனா. ஆபீஸ்காரன், போலீஸ்காரன், எவன்னா ஒருத்தன் எங்கனா குந்திகினு அமத்த முடியுமா?"

அக்கா சிரித்துவிட்டாள். "மேகம் வந்தா கொஞ்சம் கம்மியாகும். வேற யாராலயும் முடியாதும்மா."

அம்மா அதை நம்பவில்லை. சுவரோரமாக ஒயரைத் தடவிக்கொண்டே பெட்டி வரைக்கும் போனாள். வெளியே வந்து கூரையிலிருந்து இறங்கும் ஒயரையும் கண்ணால் பின்தொடர்ந்தாள். உள்ளே வந்து அதே கேள்வியை மறுபடி கேட்டாள். அக்கா அதே பதிலை மறுபடி சொன்னாள்.

எதிர்க்கரையில் நம்பர் போட்ட கதவுகளில் ஒன்று அம்மாவுடையது என்பது, நான் கல்லூரிக்குப் போன பிறகுதான் எனக்குத் தெரியும். அங்கே அவளுக்குச் சொந்த மீட்டர் இருந்தது. லாரி வருவதற்கு முன்பே கரண்டைப் பிடுங்கிவிட்டார்களாம். ஐப்பசி மழை. ஆற்றிலிருந்து பாம்பும் பூரானும் ஏறி வருகிற காலம். கையில் நான், மூன்று மாதக் குழந்தை. "எவனும் எங்கள இட்டுனு போயி ஏத்தலடி," என்றாள் அம்மா. "நாலு நாளு இருட்டுல குந்திகினு இருந்தோம். அஞ்சாம் நாளு லாரி வந்ததும் நாங்களே ஏறிக்கினோம்." கொண்டுபோய் விட்ட இடத்தில் வேலை கிடைக்காமல் சில மாதங்களிலேயே திரும்பி வந்து இந்தக் கரையில் குடிசை போட்டிருக்கிறார்கள்.

இது எதுவும் எனக்கு அன்று தெரியாது. ஒரே கேள்வியை அம்மா இரண்டு முறை கேட்டது எனக்கு அவமானமாக இருந்தது. இத்தனை நாள் புத்தகத்தைக் காட்டி நான் விளக்கியது வீணாகப் போனதாகத் தோன்றியது. அம்மாவின் முதுகுக்குப் பின்னால் அக்காவிடம் நகர்ந்து போய், மெதுவாகப் பேசுவதாக நினைத்துக்கொண்டு, சொன்னேன்:

"தப்பா நெனச்சிக்காதக்கா. அவங்க படிக்கல. அதான் இப்பிடிலாம் கேக்குறாங்க."

அம்மா திரும்பிப் பார்க்கவில்லை. வெளிச்சம் தெருவில் விழக் கூடாதென்று வாசலில் தொங்கவிட்டிருந்த புடவையை அவிழ்த்து மடித்துக்கொண்டிருந்தாள்.