திக்கிப் பறந்த விமானம்

மாட்டுங்காவில் எங்கள் பில்டிங்கில் லிஃப்ட் ஏன் நின்றது, தண்ணீர் ஏன் மஞ்சளாக வருகிறது என்று தெரிய வேண்டுமானால் இரண்டாம் மாடி ருக்குவிடம்தான் கேட்பார்கள். காரணம் தெரியாமல் அவளுக்குச் சோறு இறங்காது. தெரியாவிட்டாலும் ஒரு காரணம் சொல்லிவிடுவாள், அது வேறு விஷயம். அப்பேர்ப்பட்டவளை இந்த மழைக்காலத்தில் ஒரு லேப்டாப் தலைகீழாக நிற்க வைத்தது. பக்கத்து வீட்டுக்காரியாகப் பிறந்த பாவத்துக்கு நானும் கூடவே நின்றேன்.

ருக்குவின் கணவர் அனந்தநாராயணன் ஃபோர்ட்டில் ஒரு கப்பல் கம்பெனியில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். கண் அழுத்த நோய் வந்து, இப்போது ஜன்னல் எந்தப் பக்கம் என்பது மட்டும்தான் தெரியும். காபி டம்ளர் முதல் சட்டைப் பொத்தான் வரை எல்லாவற்றுக்கும் "ருக்கு" என்று கூப்பிட வேண்டும். கூப்பிடாமல் அவர் செய்கிற காரியம் ஒன்றே ஒன்றுதான். ஆபீஸில் கழித்துக் கட்டிய பழைய கம்ப்யூட்டரில், மௌஸ் இல்லாத டாஸ் காலத்து விளையாட்டு ஒன்று. குகைக்குள் விமானம் ஓட்ட வேண்டும். மேலே பாறை நெருங்கினால் கீச்சென்று சத்தம் வரும், கீழே நெருங்கினால் தடதடவென்று வரும். கண் போன பிறகு அந்தச் சத்தத்தை வைத்தே மூன்றாவது குகை வரை போய்விடுவார். அந்த நேரத்தில் அவர் யாருக்கும் பாரமில்லை. அது அவர் முகத்திலேயே தெரியும்.

ஜூலை ஈரத்தில் பழைய கம்ப்யூட்டர் செத்துப்போனது. புனேயிலிருந்து மகள் ஸ்மிதா புது லேப்டாப் அனுப்பினாள். தாராவியில் ரிப்பேர் கடை வைத்திருக்கும் இனாயத்துல்லா, புது மெஷினைப் பழைய மெஷின் மாதிரி நடிக்க வைக்கும் ஒரு சாஃப்ட்வேரைப் போட்டு, விளையாட்டையும் அதில் ஏற்றிக் கொடுத்தார். கடையில் ஜம்மென்று ஓடியது. வீட்டுக்கு வந்து திறந்தால் சத்தம் திக்கியது. கீ... கீ... தட... என்று விக்கி விக்கி, விமானம் முதல் பாறையிலேயே மோதியது.

"ஆயிரம் மடங்கு வேகம்னு ஸ்மிதா சொன்னாளே," என்றாள் ருக்கு. "பழசு பாடினதை இது பாட மாட்டேங்கறதே."

"ஃபாஸ்ட் லோக்கல் ரயில் நம்ம மாட்டுங்காவில நிக்குமா?" என்றேன், ஏதோ புரிந்தவள் மாதிரி.

லேப்டாப்பைப் பையில் போட்டுக்கொண்டு கிங்ஸ் சர்க்கிளில் தாராவி பஸ் ஏறினோம். கடையில் திறந்தால் ஒரு பிசிறு இல்லை. டாக்டரைப் பார்த்ததும் வலி நின்றுவிடுகிற பல் மாதிரி. "நல்லாத்தான பாடுது மாமி," என்றார் இனாயத்துல்லா. இருந்தாலும் எங்கள் மனத்திருப்திக்காக சாஃப்ட்வேரின் வேகத்தைக் குறைத்தார். வீட்டில் திக்கியது. அடுத்த தடவை வேகத்தைக் கூட்டினார். வீட்டில் இன்னும் மோசமாகத் திக்கியது. ருக்கு மழையைக் குற்றம் சொன்னாள், ஃப்ரிட்ஜைக் குற்றம் சொன்னாள், கடைசியில் மேஜையைக் கிழக்குப் பார்க்கத் திருப்பினாள். விமானம் கிழக்குப் பார்த்து மோதியது.

மூன்றாம் தடவை இனாயத்துல்லா வேறு எதையோ மாற்றினார். "சத்தத்தைக் கொஞ்சம் சேத்து வச்சு விடச் சொல்லிருக்கேன் மாமி. இனிமே திக்காது."

திக்கவில்லை. ருக்கு வெற்றிப் புன்னகையுடன் என்னைப் பார்த்தாள். அனந்தநாராயணன் விளையாடினார், மோதினார். மறுபடி விளையாடினார், மறுபடி மோதினார். பிறகு விசைகளிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"சத்தம் சரியாத்தான் இருக்கு, ருக்கு. நேக்குத்தான் கேக்கறதுல ஏதோ தப்பு. கண்ணு முடிஞ்சுது, இப்போ காது."

ரயில் வரும் நேரம் சொல்வதுபோல அதைச் சொன்னார். அன்றிலிருந்து லேப்டாப்பைத் தொடவில்லை. ரேடியோவும் வேண்டாமென்றுவிட்டார். நாங்கள் எது சொன்னாலும் காதில் விழாதவர் மாதிரி பொதுவாகத் தலையாட்டினார். டாக்டரிடம் போகலாம் என்றால், அதற்கு மட்டும் தலையாட்டவில்லை.

ருக்கு என் சமையலறையில் வந்து உட்கார்ந்தாள். "நாகு, நேக்கு ஒண்ணும் புரியலைடி," என்றாள். இத்தனை வருஷத்தில் அவள் வாயிலிருந்து அந்த வார்த்தையை நான் கேட்டதில்லை. எனக்குப் பயமாகிவிட்டது.

மறுபடி தாராவி. விஷயத்தைக் கேட்ட இனாயத்துல்லா தானே கண்ணை மூடிக்கொண்டு விளையாடிப் பார்த்தார். மோதினார். கண்ணைத் திறந்து ஆடினார். "பாறை வந்தப்புறம்லா சத்தம் வருது," என்று தலையைச் சொறிந்தார். "சேத்து வைக்கச் சொன்னேம்லா, அதான் லேட்டு. எடுத்துட்டா வீட்ல திக்கும். வச்சா லேட்டு. க்யா கரூன், என்ன செய்ய மாமி?"

பழையபடி மாற்றிவிட்டு, விளையாட்டை ஓடவிட்டபடி அவர் யோசித்துக்கொண்டிருந்தபோது ஒருவர் பிரிண்டருடன் வந்தார். அந்தப் பிரிண்டரைச் சொருக இனாயத்துல்லா எங்கள் லேப்டாப்பின் ஒயரைப் பிடுங்கினார். லேப்டாப் திக்க ஆரம்பித்தது.

"இப்போ என்ன பண்ணினேள்?" என்றாள் ருக்கு.

"ஒண்ணும் பண்ணலியே."

"பண்ணினேள். அந்த ஒயரைத் திரும்பச் சொருகுங்கோ."

சொருகினால் பாடியது. பிடுங்கினால் திக்கியது. இனாயத்துல்லா நாலு தடவை செய்து பார்த்துவிட்டுச் சிரித்தார். "பேட்டரியில ஓடுனா கஞ்சத்தனம் பண்ணுது மாமி, சார்ஜை மிச்சம் பிடிக்க மெதுவா வேலை பாக்குது. ஏன், வீட்ல சார்ஜர் போட மாட்டியளா?"

போட மாட்டாள். சமையலறையில் சார்ஜ் செய்து ஹாலுக்கு எடுத்து வருவாள். ஹாலில் ஒரே ஒரு பிளக் பாயிண்ட். எப்போதோ ஒரு இரட்டை பிளக் புகைந்ததிலிருந்து, ஒரு பாயிண்டுக்கு ஒரு பிளக் என்பது அனந்தநாராயணனே போட்ட சட்டம். அந்தப் பாயிண்டில் சுவாமி அலமாரியின் சின்ன மின்சார விளக்கு இருக்கிறது. அதை இந்த வீட்டில் யாரும் அணைத்ததில்லை.

வீட்டுக்கு வந்ததும் ருக்கு அலமாரி முன் நின்றாள். "சுவாமி கோவிச்சுப்பாரோடி?"

"ஆத்துல எண்ணெயும் திரியும் இல்லையா என்ன?" என்றேன்.

முதலில் அகல் விளக்கை ஏற்றினாள். உள் அறையில் படுத்திருக்கும் மனிதருக்குத் தெரிந்தால் சத்தம் போடுவாரே என்று, மூச்சைப் பிடித்துக்கொண்டு கட்டைவிரலால் ஸ்விட்சை மெள்ள அமுக்கினாள்.

உள்ளேயிருந்து குரல் வந்தது. "ஏன் ருக்கு, சுவாமி விளக்கை அணைச்சே?"

ருக்கு பிளக்கைப் பிடுங்கப் போன கையோடு அப்படியே நின்றாள். அவள் கண் நிரம்பிவிட்டது, எனக்கும்தான்.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"ஸ்விட்ச் சத்தம் கேட்டதே."

"காது போயிடுத்துன்னேளே."

சுவரைத் தடவிக்கொண்டு அவரே வெளியே வந்து மேஜை முன் உட்கார்ந்தார். ருக்கு விளக்கின் பிளக்கைப் பிடுங்கிவிட்டுச் சார்ஜரைச் சொருகினாள். கீச்சென்றது, விமானம் தாழ்ந்தது. தடதடவென்றது, எழும்பியது. முதல் குகை போயிற்று, இரண்டாவது போயிற்று. மூன்றாவதில் மோதினார்.

ருக்கு என் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"இது என் தப்பு," என்றார் அனந்தநாராயணன், அவ்வளவு சந்தோஷமாக. "சத்தம் நேரத்துக்குத்தான் வந்தது. நான்தான் அவசரப்பட்டுட்டேன்."

பிறகு யாரையும் கூப்பிடாமல், விசையைத் தடவிப் பார்த்து, முதல் குகையிலிருந்து ஆரம்பித்தார்.