ஒரு மரைக்கால் பரப்பளவு

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை மன்னித்து விட்டவன் நான். ஆகவே இதை நான் சொல்ல, மகள் எழுதுகிறாள். எழுத்தில் பிழை இருந்தால் அவளுடையது. சங்கதியில் பிழை இருந்தால், வழமைபோல என்னுடையது.

அப்போது அவள் கல்முனையில் எட்டாம் வகுப்பு. நான் சம்மாந்துறை வயல்களில் உழவு மெசின் ஓட்டினேன். பின்னேரங்களில் கணக்குக் கொப்பியோடு வருவாள். தெரியாது என்று சொல்ல எனக்கு வெட்கம். ஒருநாள், நாற்பது மீற்றர் நீளமும் இருபத்தைந்து மீற்றர் அகலமும் உள்ள வயலின் பரப்பளவைப் புத்தகம் கேட்டது. எங்கள் ஆட்கள் வயலை விதையால்தான் சொல்வார்கள். எத்தனை மரைக்கால் நெல் விதைக்கலாமோ, அத்தனை மரைக்கால் காணி. நான் கண்ணை மூடி, அந்தப் புத்தக வயலின் வரம்பில் ஒரு சுற்று நடந்து வந்து சொன்னேன்.

"ஒரு மரைக்கால். எழுதிட்டுக் கோடு கீறு மகள்."

அடுத்த நாள் வகுப்பே சிரித்திருக்கிறது. வந்தவள் புத்தகப் பையை மூலையில் எறிந்தாள்.

"இனி நான் ஸ்கூலுக்குப் போக மாட்டன்."

"ஏன் மகள்?"

"எல்லாரும் மரைக்கால் எண்டு என்னக் கூப்பிடுறாங்க. ஒங்களாலதான்."

இரண்டு நாள் போகவில்லை. நான் ஐந்தில் நின்றேன், இவள் எட்டில் நிற்கப்போகிறாள் என்று எனக்குச் சோறு இறங்கவில்லை. அதற்குள் கணக்கு டீச்சர் ஆள் அனுப்பினார். மகளைக் கூட்டிக்கொண்டு நானும் வரவேண்டுமாம்.

குளித்து, அத்தர் பூசி, பெருநாள் சட்டையைப் போட்டேன். "ஆரப் பொண்ணு பாக்கப் போறீங்க?" என்றாள் மகளின் உம்மா.

பள்ளிக்கூட வாசலில் மகள் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். "வாப்பா, நீங்க இதில நில்லுங்க."

நின்றேன். வெளியே நிற்பதில் எனக்கு நல்ல பழக்கம் உண்டு. படித்த ஐந்து வருசத்தில் பாதியை வகுப்புக்கு வெளியேதான் படித்தேன்.

டீச்சரே வாசலுக்கு வந்து, அண்ணனைக் கூப்பிடுவதுபோலக் கூப்பிட்டார்.

"காக்கா, ஏன் இதில நிக்கிறீங்க?"

"சும்மா டீச்சர், காத்து வாங்குறன்."

டீச்சர் மகளைப் பார்த்தார். மகள் நிலத்தைப் பார்த்தாள்.

"எங்கட வாப்பா அட்டாளைச்சேனையில கரைவலை இழுத்தவர்," என்றார் டீச்சர். "எனக்குப் பரிசு குடுக்கிற நாளில வலையில இருந்து நேரா வந்திட்டார். காலெல்லாம் மீன் செதிள். நான்தான் கேற்றுக்கு வெளிய நில்லுங்க எண்டு செல்லிட்டன். நிண்டார். பரிசு வாங்கிட்டு வந்து பாத்தன், ஆளில்ல. அதுக்குப் பொறகு கண் மூடி மௌத்தாகுமட்டும் அவர் என்ட ஸ்கூல் பக்கம் வரவே இல்ல."

டீச்சர் வாசலை விட்டு விலகி எனக்கு வழி விட்டார்.

"என்ட வகுப்புப் புள்ளைகள்ர உம்மா வாப்பா ஆரும் வெளிய நிக்கப்படாது. வாங்க காக்கா."

வகுப்புக்குள் போனதும் நான் முந்திக்கொண்டேன். "டீச்சர், அந்தக் கணக்குச் சரிதானே?"

"பிழை. பிழையச் சரியெண்டு செல்ல மாட்டன். எங்க இருந்து வந்ததெண்டு பாக்காம வெட்டவும் மாட்டன். நீங்களே இவங்களுக்கு விளங்கப்படுத்துங்க."

கையில் சோக்கைத் தந்தார். மெசின் ஸ்டியரிங்கைவிடப் பாரமாக இருந்தது. பலகையில் வயல் கீறினேன், மாட்டுத் தோல் காயப்போட்ட மாதிரி வந்தது. உள்ளே ஒரு மரைக்கால் என்று எழுதி, விதைக் கணக்கைச் சொன்னேன். பிள்ளைகள் வாய் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இதே அளவு வயல் பள்ளத்தில கிடந்தா?" என்று டீச்சர் கேட்டார்.

"விதை கூடப் போடணும் டீச்சர். தண்ணி நிண்டு கொஞ்சம் அழுகிடும்."

"நீளம் அகலம் கூடினதா?"

இத்தனை வருசம் உழுதும் எனக்கு அது தோன்றியதில்லை.

"இந்த மண்டைக்குள்ளயும் தண்ணி நிக்கிது புள்ளைகள்," என்றேன். வகுப்பு சிரித்தது. ஒருத்தி மட்டும் சிரிக்கவில்லை.

என் மகள் எழும்பி வந்து என் கையிலிருந்த சோக்கை வாங்கினாள். ஆயிரம் சதுர மீற்றர் என்று எழுதினாள். என் மரைக்காலை அழிக்கவில்லை. பக்கத்தில் 'விதை' என்று எழுதிவிட்டுத் திரும்பினாள்.

"காணி ஆயிரம் சதுர மீற்றர். விதை ஒரு மரைக்கால், பள்ளமெண்டா கூட. இது ரெண்டும் தெரிஞ்ச ஆள் ஆரும் இரிக்கிறீங்களா?"

ஒருவரும் இல்லை. டீச்சர் யன்னல் பக்கம் திரும்பி நின்றார். மகள் அடுத்த நாளும் பள்ளிக்கூடம் போனாள், அதற்கடுத்த நாளும் போனாள்.

இப்போது இதை எழுதும்போது ஓர் இடத்தில் அவள் பேனை நின்றுவிட்டது. 'நீங்க இதில நில்லுங்க' என்ற இடம்.

"இத வெட்டிப்போடட்டா வாப்பா?"

"வெட்டாத மகள். ஒங்கட டீச்சர் வெட்டமாட்டா."

கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுதினாள்.